பிறர் வீட்டுக் கதவும் நமது வரவேற்பறையும்

இல்லம் வாழ்வதற்குரிய இடம் என்ற எளிய எண்ணம் தேய்ந்து, அது காட்டுவதற்குரிய இடம் என்ற எண்ணம் நமது நடுத்தர வர்க்கத்தினரிடையே வேரூன்றி வருகின்றது. இம்மாற்றத்தின் அண்மைக்கால வடிவமே வீட்டலங்காரத்திற் காணப்படும் பழம்பொருள் மோகம். கொழும்பிலே புதுப்பாங்கான உணவகங்கள் சிலவற்றினுள் நுழைவோர், பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி மின்குமிழுக்கு மூடியாகத் தொங்குவதைக் காணலாம். சுளகு சுவரில் அறையப்பட்டிருக்கும். உரலிலே நீர் நிரப்பிப் பூவிதழ்களை மிதக்க விட்டிருப்பர். சித்திர வேலைப்பாடமைந்த பழங்கதவொன்று கிடத்தப்பட்டு, மேலே கண்ணாடி பரப்பி, மேசையாக்கப்பட்டிருக்கும். உணவகத்திற் கண்டதனைத் தம் வீட்டிலும் செய்து பார்க்க விழைவோர் இன்று பலர்.

இப்போக்கினைப் போற்றுவோர் தனித்துவம், கலவை, பழம்பாணி என்னும் மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பக் கையாள்கின்றனர். ஒரே அச்சில் வார்த்தெடுத்த தளபாடங்களைக் கடையில் வாங்கி அடுக்குவதிலும், பல காலத்துப் பொருள்களைத் தத்தம் மனப்பாங்கிற்கேற்பச் சேர்த்து வைப்பது மேலானது என்பது அவர்களது வாதம். இதில் உண்மையில்லை என்று கூறுவதற்கில்லை. தொழிற்சாலைப் பண்டங்கள் எல்லா வீடுகளையும் ஒரே வீடாக்கிவிட்டன என்ற சலிப்பு நியாயமானதே. ஆனால் அச்சலிப்பிற்கு அவர்கள் கண்ட மருந்து யாது? தனித்துவத்தையும் ஒரு பண்டமாக்கி விலைக்கு வாங்குவதே. புதுப் பலகைக்குப் பூசிய வர்ணத்தை இடையிடையே சுரண்டிவிட்டு நூறாண்டுப் பழமையை ஒரு பிற்பகலில் ஏற்றிவிடுகின்றனர். இக்கட்டுரை பழம்பொருள்களுக்கு எதிரானதன்று. பழமை கொள்முதல் செய்யப்படும் முறைக்கே எதிரானது.

கலவை என்பது நமக்குப் புதியதொன்றன்று. மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியத்துடன் யாழ்ப்பாணம் திரும்பியோரின் வீடுகளை நினைத்துப் பார்க்கலாம். நாற்சார் வீட்டின் முற்றத்தைச் சுற்றிய விறாந்தையிலே சாய்மனைக் கதிரை கிடந்தது. உள்ளே சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்த பெட்டகமும் சீனப் பீங்கானும் இருந்தன. அவற்றின் பக்கத்திலேயே பனையோலைக் கடகமும் இருந்தது. எவரும் அதனைக் ‘கலவைப் பாணி’ என்று அழைத்ததில்லை. அந்தப் பொருள்கள் அவ்வீட்டிற்கு வந்த வழியும் வீட்டார் வாழ்ந்த வழியும் ஒன்றாகவே இருந்தன. பெட்டகத்தைக் காட்டி, “இது அப்பு சிரம்பானிலிருந்து கொண்டுவந்தது” என்று பிள்ளை சொல்லக்கூடியதாயிருந்தது. பொருளுக்குத் தனித்துவத்தை அளிப்பது அந்தச் சொல்தான். விலைச்சீட்டு அதனை அளிக்கமாட்டாது.

இன்றைய அலங்காரப் பாணியில் ஓர் இன்றியமையாத உறுப்பாகிவிட்ட செட்டிநாட்டுத் தூண்களின் வரலாறு இவ்விடத்து நோக்கற்பாலது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1940கள் வரை நகரத்தார் எழுப்பிய மாளிகைகளில் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் ஆத்தங்குடித் தரையோடும் ஒன்றுசேர்ந்தன. அதுவும் கலவையே, பர்மா, மலாயா, இலங்கை என விரிந்த வட்டித்தொழிலின் கலவை. 1930களின் இறுதியிலே கீழ்ப்பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு, கடன் தீர்க்கவியலாத விவசாயிகளின் கைகளிலிருந்து நகரத்தாரின் கைகளுக்கு மாறியிருந்தது. 1942 இல் யப்பானியப் படையெடுப்பும் 1948 இன் பின் வந்த பர்மிய நிலச்சட்டங்களும் அச்செல்வத்தின் அடிவேரை அறுத்தன. வருவாய் நின்றபின் மாளிகையைப் பராமரிக்க இயலாது பங்காளிகள் திகைத்தனர். ஒரு தூண் பல உரிமையாளருக்குச் சொந்தமாயிற்று. பகிர முடியாத வீடு, தூணாகவும் நிலையாகவும் உத்தரமாகவும் பகிரப்பட்டது. காரைக்குடியின் பழம்பொருட் சந்தை இவ்வாறு வளர்ந்ததே.

அந்தத் தூண் ஒன்று கொழும்பு வரவேற்பறையில் நிற்கும்போது அதனைப் பார்ப்போர் காண்பதென்ன? வழுவழுப்பான கருந்தேக்கு, அவ்வளவே. பர்மிய விவசாயியின் கடனும் தெரிவதில்லை, செதுக்கிய ஆசாரியின் கையும் தெரிவதில்லை, விற்ற குடும்பத்தின் முடையும் தெரிவதில்லை. வரலாறு முழுவதும் கழுவப்பட்ட பின்னரே பொருள் ‘பழமையழகு’ பெறுகின்றது. பழமையைப் போற்றுவதாகக் கூறும் இப்பாணி உண்மையில் வரலாற்றின் எதிரி என்று நான் கூறுவது இதனாலேதான்.

செட்டிநாட்டிலாவது விற்றவர் கையில் ஏதோ ஒரு தொகை வந்தது. நமது நிலை வேறு. வலிகாமம் வடக்கிலே 1990 முதல் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்தது. ஆண்டுகள் பல கழித்துத் தத்தம் காணிகளுக்குத் திரும்பியோரிற் பலர் கண்டவை, கூரையும் கதவும் யன்னலும் நிலையுமற்ற வெறுஞ்சுவர்களே. சிலர் சுவர்களையும் காணவில்லை. 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது பழைய கதவுகளையும் அலுமாரிகளையும் விலைபேசி வந்தோரையும் நம்மூரவர் மறந்திருக்கமாட்டார்கள். நிலை என்பது நமது மரபிலே வெறும் மரச்சட்டமன்று. நாள் பார்த்து, பூசை செய்து, ஆசாரிக்கு வேட்டி கொடுத்து நிலை வைத்தார்கள். அதன் பின்னரே குடிபூரல். அவ்வாறு வைத்த நிலையொன்று தன் ஊர் இன்னதென்று சொல்லும் சீட்டுமின்றி ஒரு விடுதியின் சுவரிலே சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காணும் இடம்பெயர்ந்த ஒருவனின் நெஞ்சிலே எழும் வினா, ‘எவ்வளவு அழகு’ என்பதன்று. ‘இது யாருடைய வீடு’ என்பதே.

“நாங்கள் வாங்கியிராவிட்டால் அவை விறகாகியிருக்கும்” என்பார் சிலர். இவ்வாதத்தை இலகுவிற் புறக்கணித்தல் நேர்மையாகாது. விறகாகாமற் காக்கப்பட்டவை பல உண்டு. ஆயினும் சந்தையின் இயல்பை இவர்கள் மறைக்கின்றனர். முதலிலே இடிந்த வீட்டின் கதவு விலைப்படுகின்றது. பின்னர் கதவின் விலை உயர உயர, இடியாத வீடும் இடிக்கத்தக்கதாகின்றது. நின்ற வீட்டைத் திருத்துவதிலும் கழற்றி விற்பது இலாபம் என்ற கணக்கை உண்டாக்குவது வாங்குவோரின் ஆசையே. நோயாளியை இறக்கவிட்டு உடைமைகளைப் பேணுவதனைக் காப்பாற்றுதல் என்று எவரும் சொல்வதில்லை.

இச்சிந்தனை புதியதுமன்று. 1877 இல் இலண்டனிலே வில்லியம் மொறிஸும் நண்பர்களும் பழங்கட்டடங்களின் பாதுகாப்புக்காகச் சங்கமொன்றை நிறுவினர். பழமையைச் சுரண்டிப் புதிதாக்குவதையும் போலிப் பழமை ஏற்றுவதையும் அவர்கள் ஒருங்கே எதிர்த்தனர். நாளாந்தப் பராமரிப்பே உண்மையான பாதுகாப்பு என்றனர். அதே ஆண்டிலே கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மொறிஸின் அச்சுப்பொறியிலேயே தமது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலை 1908 இல் அச்சிட்டார். பயன்பாட்டிற்கென ஆக்கப்பட்ட பொருள், பயன்பாட்டினின்றும் பிரிக்கப்பட்டுக் காட்சிப்பொருளாகும்போது அதன் பொருளை இழக்கின்றது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து. அரும்பொருட்காட்சிச் சாலைக்கே இது பொருந்துமெனின், உணவகத்தின் நீற்றுப்பெட்டியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? கடகம் இழைக்கும் பெண்ணுக்கு நியாயமான கூலி கொடுத்து அதிலே மரக்கறி வாங்கி வருபவர், அதனைச் சுவரிலே தொங்கவிடுபவரிலும் பன்மடங்கு பண்பாட்டுக் காவலர்.

ஜெப்ரி பாவாவின் பெயரைச் சொல்லி இப்பாணியை நியாயப்படுத்துவோரும் உளர். கொழும்பு 33ஆம் ஒழுங்கையிலுள்ள தமது இல்லத்திலே அவர் செட்டிநாட்டுத் தூண்களை அமைத்தது உண்மையே. ஆனால் ஒரு கலைஞர் தம் கட்டடத்தின் ஒளியையும் வெளியையும் எண்ணிச் செய்ததை, ஏனையோர் விலைப்பட்டியலாக்கிவிட்டனர். அவர் 1960களின் தொடக்கத்திற் கட்டிய ஈனா டி சில்வாவின் இல்லம் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. காணி கைமாறியபோது அவ்வில்லம் உறுப்புறுப்பாக இலக்கமிடப்பட்டுக் கழற்றப்பட்டு, 2016 அளவில் லுணுகங்கையிலே மீண்டும் முழு வீடாக எழுப்பப்பட்டது. இடம் மாறிய பின்னரும் அது அதே பெயருடைய வீடாகவே நிற்கின்றது. பெயரோடு பெயர்த்தல் ஒன்று. பெயரைத் தொலைத்து விற்றல் மற்றொன்று. வசதி படைத்தோரின் வீட்டிற்குக் கிட்டிய இம்மரியாதை தெல்லிப்பழையின் நாற்சார் வீட்டிற்குக் கிட்டவில்லை என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

சட்டம் நம்மைக் காக்குமென்று வாளாவிருத்தலும் பேதைமை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் எனக் கொள்கின்றது. நூறாண்டு கடந்த கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பிரகடனம் செய்ய இடமுண்டெனினும், பிரகடனம் பெறாத சாதாரண வீடு ஒன்றின் 1890 ஆம் ஆண்டு நிலைக்குக் காவல் அவ்வீட்டாரன்றி வேறு யார்?

ஆகவே பல்கலைக்கழகத்தவராகிய நம்மிடம் இருவகைக் கடமைகள் எஞ்சுகின்றன. முதலாவது, வாங்குவோராக நாம் நிற்கும்போது, ‘இது எவ்வூரில், யார் வீட்டில் இருந்தது’ என்று கேட்பது. விடை கூறவியலாத கடையிலே காசை வைக்காதிருப்பது. இரண்டாவது, எஞ்சி நிற்கும் நாற்சார் வீடுகளையும் சங்கடப்படலைகளையும் விடுமுறைக் காலங்களில் அளந்து, வரைந்து, படம்பிடித்து, அவற்றிலே வாழ்ந்தோரின் வாய்மொழியையும் பதிந்து வைப்பது. இதற்கு ஒரு நாடாவும் கொப்பியும் போதும், பெருநிதி வேண்டியதில்லை. ஊர்தோறும் அவ்வாறு ஒரு பதிவு இருக்குமாயின், பெயரற்ற கதவு ஒன்றுக்கு ஒருநாள் அதன் வீட்டைச் சொல்லிக் கொடுக்கலாம்.

நம் வீட்டில் உடைந்து கிடக்கும் பழைய கதிரையைப் பிரம்பு பின்னி மீண்டும் இருக்கத்தக்கதாக்குவோம். அப்பாச்சியின் உரலை, இடிப்பதற்கு மா இல்லாவிடினும், அவர் இருந்து இடித்த இடத்திலேயே விட்டுவைப்போம். நமது வரவேற்பறை அதனால் சஞ்சிகைப் படம்போல் அமையாது போகலாம். ஆனால் அங்குள்ள ஒவ்வொரு பொருளும், யாருடையது என்று கேட்பவருக்குத் தலைநிமிர்ந்து விடை சொல்லும்.