தாத்தாவின் துப்பாக்கி: விற்பதா, வைத்துக்கொள்வதா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. துப்பாக்கின்னு ஆரம்பிச்சதும் "என்னடா இவன், மெல்போர்ன்ல உட்கார்ந்துக்கிட்டு வீரப்பன் கதை சொல்லப் போறானா"ன்னு பயந்துடாதீங்க :-) இது ஒரு பீரோவைப் பத்தின கதை. உங்க வீட்டிலயும் அப்படி ஒரு பீரோ இருக்கலாம்.

எங்களுக்குச் சொந்த ஊர் சித்தூர். வீட்டில தமிழ், பள்ளிக்கூடத்தில தெலுங்கு. 1911 வரைக்கும் வட ஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகரா இருந்த ஊர் என்பதால, எங்களை மாதிரி ரெண்டுங்கெட்டான் குடும்பங்கள் அங்கே ஏராளம். தாத்தாவுக்குச் சந்திரகிரி பக்கம் நிலம். மல்லாட்டைக் கொல்லையில ராத்திரி காட்டுப்பன்றி புகுந்தா ஒரு வருஷ உழைப்பு காலி. அதுக்காக வாங்கின துப்பாக்கி ஒண்ணு, ஆசைக்கு வாங்கினது ரெண்டு, ஆக மொத்தம் மூணு. ஒண்ணு நம்ம நாட்டுத் தொழிற்சாலையில செஞ்ச ஒற்றைக்குழல். ரெண்டாவது வெப்லி அண்ட் ஸ்காட் இரட்டைக்குழல். மூணாவதுதான் வீட்டோட பெருமை: வெளியே சுத்தியல் வெச்ச பழைய கிரீனர், டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையா முறுக்கி, உருளையில சுத்திப் பத்தவெச்சுச் செய்த குழல் அது. வெளிச்சத்தில திருப்பினா தண்ணியில எண்ணெய் விட்ட மாதிரி கோடு கோடா ஓடும். சின்ன வயசுல அதைத் தொடக்கூட எங்களுக்கு அனுமதி கிடையாது.

அது வேற காலம். கென்னத் ஆண்டர்சன் 1954-ல் வந்த புத்தகத்துல சாமலா பள்ளத்தாக்குப் புலியைப் பத்தி எழுதியிருப்பாரு. அது எங்க பக்கத்து மலைதான். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்துச்சு, 1989-ல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா வந்துச்சு. துப்பாக்கிக்கு வேலை போச்சு. அப்பா காலத்தில அதுங்களுக்கு இருந்த ஒரே பயணம், தேர்தல் சமயத்துல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைக்கிறதும், முடிஞ்சதும் திரும்பி வர்றதும்தான்.

2023-ல் அப்பா போயிட்டாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னிக்கே எனக்கும் தம்பிக்கும் கிரீனர் யாருக்குன்னு பேச்சு ஆரம்பிச்சுது. சொல்லவே வெட்கமா இருக்கு. தம்பி திருப்பதியில இருக்கான். "நீ ஆஸ்திரேலியாவுல இருந்துக்கிட்டு என்னண்ணா பண்ணப் போறே?"ன்னான். "மூத்தவன் நானில்லையா"ன்னேன். சித்தப்பா நடுவுல புகுந்து, "எதுக்குடா சண்டை, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நல்ல விலை தர்றேங்கிறார், சத்தமில்லாம கொடுத்துடலாம்"ன்னாரு. அம்மா ஒரு ஓரமா உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

வக்கீலா இருக்கிற நண்பர் ஒருத்தர்தான் எங்க தலையில தண்ணி ஊத்தினாரு. "லைசென்ஸ் உங்கப்பா பேர்ல. அவர் போனதுமே அந்த லைசென்ஸ் முடிஞ்சுது. இன்னிக்குத் தேதியில அந்த வீட்டில லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருக்கிறது யாரு தெரியுமா? உங்கம்மா." 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்துக்கான தண்டனை குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம். பூஜை ரூம் சாவியும் பீரோ சாவியும் ஒரே கொத்துல வெச்சிருக்கிற எழுபது வயசு அம்மா!

அடுத்த நாளே ஸ்டேஷன்ல ஒப்படைக்கலாம்னு பீரோவைத் திறந்தோம். ஒற்றைக்குழல் இருந்துச்சு. வெப்லி இருந்துச்சு. கிரீனரோட தோல் பெட்டியைத் திறந்தா காலி. உள்ளே நாலா மடிச்ச காகிதங்கள்: 2020 நவம்பர்ல ஒரு லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட ஒப்படைச்ச ரசீது, அப்புறம் அவருக்கே விற்ற ரசீது.

விஷயம் இதுதான். முன்னாடி ஒருத்தர் மூணு துப்பாக்கி வரைக்கும் வெச்சுக்கலாம். 2019 டிசம்பர்ல வந்த திருத்தம் அதை ரெண்டாக்கிடுச்சு. (ஒண்ணாக்கணும்னுதான் மசோதா முதல்ல வந்துச்சு. எதிர்ப்பு வந்ததும் ரெண்டுன்னு மாத்தினாங்க.) பரம்பரைச் சொத்துக்கும் அதே கணக்குதான். மூணாவதை ஒரு வருஷத்துக்குள்ள ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். கொரோனா நேரத்துல, மாஸ்க் போட்டுக்கிட்டு, எங்க யார்கிட்டயும் சொல்லாம அப்பா போய் முடிச்சுட்டு வந்திருக்காரு. நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டது ஒரு காலிப் பெட்டிக்கு.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?"ன்னு கேட்டேன். "நீங்க எப்போடா கேட்டீங்க?"ன்னாங்க.

இனி என் கருத்துக்கு வர்றேன். சுட வேண்டிய தேவை இல்லாத வீட்டில, துடைக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாத வீட்டில துப்பாக்கி இருக்கக் கூடாது. விற்கிறது தாத்தாவுக்குச் செய்யற துரோகம் இல்லை. ஆனா சத்தமில்லாம விற்கிறது துரோகம்தான். குழல்ல பொறிச்ச நம்பர் நம்ம குடும்பத்தோட பேர் மாதிரி. அது நாளைக்கு எந்தக் காட்டில யார் கையில பிடிபட்டாலும் போலீஸ் முதல்ல வர்றது நம்ம வாசலுக்கு.

வெளிநாட்டில இருக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது சில.

ஒண்ணு, அப்பா இருக்கும்போதே பேசுங்க. 2016 ஆயுத விதிகள்படி, லைசென்ஸ் வெச்சிருக்கிறவருக்கு 70 வயசு ஆனாலோ, 25 வருஷம் அந்தத் துப்பாக்கியை வெச்சிருந்தாலோ, உயிரோட இருக்கும்போதே வாரிசு லைசென்ஸ் கேட்கலாம். சாகிற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

ரெண்டு, ஆள் போனதும் முதல் வேலை ஒப்படைப்பு. ரசீது வாங்கிக்குங்க. ஒப்படைச்சதால சொத்து போயிடாது. வாரிசுங்க லைசென்ஸ் எடுத்துத் திரும்ப வாங்கலாம், தகுதி உள்ளவருக்கு வித்துப் பணம் வாங்கிக்கலாம். ஆனா கெடுவைத் தாண்டி அப்படியே விட்டா அரசாங்கத்துக்குப் போயிடும்.

மூணு, இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு நேரா விற்கிறதா இருந்தா, வாங்குறவர் விவரத்தோட கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துட்டு 45 நாள் பொறுக்கணும். ஒரு வார லீவுல வந்து முடிச்சுட்டுப் போற வேலை இல்லை இது.

நாலு, "ரொம்பப் பழசு, அதனால லைசென்ஸ் வேண்டாம்" என்பது தப்புக் கணக்கு. ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத நிலையில இருந்தாத்தான் அந்த விலக்கு. பெட்டியில போட்டு இங்கே கொண்டு வந்துடலாம்னும் நினைக்காதீங்க. நூறு வருஷம் தாண்டின கலை, வரலாற்றுப் பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972 தொல்பொருள் சட்டம் விடாது.

அஞ்சு, ஆசைக்குக்கூடச் சுட்டுப் பார்க்காதீங்க. டமாஸ்கஸ் குழல் கருமருந்துக் காலத்துச் சரக்கு. அந்தக் காலத்து இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலதுல தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான். இன்னிக்குக் கடையில கிடைக்கிற இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவைப் போட்டா போறது குழல் மட்டும் இல்லை, கையும் சேர்த்து.

சட்டத்து மேலயும் எனக்கு ஒரு குறை உண்டு. நான் குடியிருக்கிற நாட்டில 1996 ஏப்ரல்ல போர்ட் ஆர்தர்ல 35 பேரைச் சுட்டுக் கொன்னான் ஒருத்தன். அதுக்கப்புறம் அரசாங்கம் விலைப்பட்டியல் போட்டு, மக்கள்கிட்ட இருந்து ஆறு லட்சத்துக்கு மேல துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கிச்சு. அதுக்குன்னு ஒரு முறை வரியே போட்டாங்க. நம்ம ஊர்ல மூணாவதைக் கொடுன்னு சொன்ன சட்டம், விலையைப் பத்தி யோசிக்கலை. எண்ணிக்கையைக் குறைச்சது சரி, நான் அதை ஆதரிக்கிறேன். ஆனா கெடு வெச்சு விற்கச் சொன்னா, விலை சொல்றது வாங்குறவன்தான். அந்த ரசீதுல இருந்த தொகையைப் பார்த்து நான் கோபப்பட்டது உண்மை. அப்புறம் யோசிச்சேன். அப்பாவுக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சேதான் கொடுத்திருக்காரு. அம்மா தலையில எதுவும் விழக் கூடாதுன்னு.

கடைசியில என்ன ஆச்சுன்னா, ஒற்றைக்குழலை வித்தோம். வெப்லிக்குத் தம்பி வாரிசு லைசென்ஸ் கேட்டு மனு போட்டான். லைசென்ஸ் சித்தூர்ல, அவன் முகவரி 2022-ல் பிறந்த திருப்பதி மாவட்டத்தில. அதனால காகிதம் ரெண்டு ஊருக்கும் நடந்துச்சு. இப்போ கையில வந்தாச்சு. அவனுக்கும் பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளியூர். "எழுபது வரைக்கும் காத்திருக்க மாட்டேன்ணா, அதுக்கு முன்னாடியே வித்துடுவேன்"ங்கிறான்.

எனக்கு வந்தது அந்தக் காலி தோல் பெட்டி. அதுக்கு லைசென்ஸ் வேண்டாம். உள்ளே அப்பாவோட ரெண்டு ரசீதையும் வெச்சிருக்கேன்.

இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது, "சாப்டியாப்பா"வுக்கு அப்புறம் இதையும் கேட்டுடுங்க: "அந்தப் பீரோவுல என்னப்பா இருக்கு?"