மொட்டைச் செயினோடு வாளை இரவல் கொடுக்காதீர்கள்

மாரி தொடங்க முன்னர் வளவுக்கு வளவு கொப்பு வெட்டும் வேலை நடக்கிறது. தெருவில் ஒருவரிடம் கரண்டில் ஓடும் செயின் வாள் இருந்தால் அது பத்து வீடு சுற்றும். நல்ல பழக்கம்தான். ஆனால் செயினை ஒருவரும் பார்ப்பதில்லை.

போன வருடம் நானும் ஒரு வாளை இரவல் வாங்கினேன். துருவல் விழவில்லை, மா போலத் தூள்தான் பறந்தது. வெட்டுதில்லையே என்று பலம் போட்டு அமர்த்தினேன். இளகிக் கிடந்த செயின் கழன்று என் சாரத்தைக் கிழித்தது. மற்றப் பக்கம் கொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது ராத்தாவின் 14 வயது மகன். அல்லாஹ் காப்பாற்றினான், இருவருக்கும் காயமில்லை. பிழை வாளில் இல்லை, என்னில்தான். சாரத்தோடு வெட்டியது பிழை. பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தியது அதைவிடப் பெரிய பிழை. செயினைப் பார்க்காமல் பிளக்கைக் குத்தியதுதான் முதல் பிழை.

"கூரான செயின்தான் பயம்" என்று சிலர் சொல்கிறார்கள். உண்மை நேர்மாறானது. கூரான செயின் தானாக மரத்துக்குள் இறங்கும். மொட்டைச் செயினை நாம் அமர்த்த வேண்டும். அப்போதுதான் கை வழுக்கும், மோட்டரும் சூடேறும்.

பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. கையுறை போட்டுக்கொண்டு, செயின் ஓடும் தகட்டின் நடுவில் அதைத் தூக்கிப் பாருங்கள். கீழ்ப்பற்கள் பள்ளத்தை விட்டு முழுதாக வெளியே வந்தால் இளக்கம். கையால் இழுக்க ஓடாவிட்டால் இறுக்கம் கூட. சூடாக இருக்கும்போது இறுக்காதீர்கள், ஆறும்போது செயின் சுருங்கும். மோட்டர் சைக்கிளில் கழித்த கறுப்பு ஒயிலை ஊற்றாதீர்கள். அதிலுள்ள இரும்புத்தூள் தகட்டையும் ஒயில் பம்பையும் தின்றுவிடும். நம் ஊர் மணல் நிலம். மணலில் ஒருதரம் பட்டாலே கூர் போய்விடும். கட்டை வைத்து உயர்த்தி வெட்டுங்கள்.

வீட்டு வாள்களில் அதிகம் வரும் 3/8 அங்குல லோ புரோபைல் செயினை 4 மில்லிமீற்றர் உருண்டை அரத்தால் தீட்டலாம். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போடுங்கள். பல் உடைந்திருந்தால், அல்லது தீட்டித் தீட்டிக் கட்டையாகியிருந்தால் புதிதாக வாங்குங்கள். கடையில் "16 அங்குலச் செயின்" என்று மட்டும் கேட்டால் சரியானது கிடைக்காமல் போகலாம். பிட்ச், தடிப்பு, கீழ்ப்பற்களின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். பழைய செயினையும் கொண்டுபோங்கள். பூட்டும்போது தகட்டின் மேற்பக்கத்தில் வெட்டும் பற்களின் கூர், வாளின் நுனியைப் பார்த்திருக்க வேண்டும். புதுச் செயின் இளகும். நாலைந்து வெட்டுக்குப் பின் பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு மீண்டும் பாருங்கள்.

என் கருத்து இதுதான். கொடுப்பவர் செயினைக் காட்டிக் கொடுக்கட்டும். வாங்கியவர் தீட்டித் திருப்பிக் கொடுக்கட்டும், தீட்டத் தெரியாவிட்டால் அதற்குரிய காசைக் கொடுக்கட்டும். இரவல் பொருள் அமானிதம். மொட்டையாக்கிவிட்டுச் சத்தமில்லாமல் சுவரில் சாத்திவிட்டு வந்தால், அடுத்ததாக அதை எடுப்பவரின் காலுக்கு யார் பொறுப்பு?