“காணவில்லை” என எழுதும் துணிவு

விழா மலர் என்றால் வெற்றிகளின் பட்டியல் அதில் இடம்பெறுதல் இயல்பு. பரிசில் பெற்றோர், பட்டம் பெற்றோர், விளையாட்டிற் கேடயம் வென்றோர் ஆகிய யாவரும் உரிய பக்கங்களில் வீற்றிருப்பர். அவர்களை நாமும் வாழ்த்துகின்றோம். எனினும், தேடிச் சென்று வெறுங்கையுடன் மீண்டு, அவ்வாறு மீண்டதை உலகறிய உரைத்த சிலரைப் பற்றியும் இம்மலரின் ஒரு மூலையில் எழுத விரும்புகின்றோம். அவர்கள் பௌதிக அறிஞர்கள். அவர்கள் தேடியவை அணுவினும் மிக நுண்ணிய புதுத் துணிக்கைகள்.

பிரான்சு, சுவிற்சர்லாந்து ஆகிய இரு நாடுகளின் எல்லையில், ஜெனீவா நகருக்கு அண்மையில், நிலத்தின்கீழ் ஏறக்குறைய 100 மீற்றர் ஆழத்தில், 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையச் சுரங்கமொன்று உண்டு. 1954 இல் நிறுவப்பெற்ற சேர்ண் என்னும் ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையத்தார், புரோத்தன் கற்றைகள் இரண்டினை எதிரெதிர்த் திசைகளில் ஒளியின் வேகத்தை அணுகுமாறு ஓடவிட்டு மோதச்செய்யும் பொறியை அதனுள் அமைத்தனர். மோதலின் சக்தி திணிவாக மாறுங்கால் புதுத் துணிக்கைகள் பிறக்கும். அவை பிறந்த கணமே சிதைவன. கண்ணாற் காண்டல் ஒருபோதும் இயலாது. புகையைக் கொண்டு நெருப்பை அறிவார்போல, சிதைவில் வெளிப்பட்டவற்றின் சக்தியையும் திசையையும் அளந்து, அவற்றை ஈன்ற துணிக்கையின் திணிவு இன்னதெனக் கணிப்பர். கோடிக்கணக்கான மோதல்களை ஆராய்ந்து வரைபு கீறினால், ஒழுங்காக இறங்கிச் செல்லும் வளைகோட்டில் ஓரிடத்திற் சிறு மேடொன்று தோன்றக்கூடும். அம்மேடே புதுத் துணிக்கையின் சுவடு. 1964 இல் கணிதத்தால் முன்மொழியப்பெற்ற ஹிக்ஸ் துணிக்கை, 2012 யூலை 4 ஆம் நாள் இத்தகைய மேடாகவே உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அடுத்த மேடு 2015 டிசெம்பர் 15 ஆம் நாள் தோன்றியது. அற்லஸ், சீ. எம். எஸ். என்னும் இரு குழுவினர் இருவேறு கருவிகளைக் கொண்டு தனித்தனியே பணிபுரிபவர்கள். இரு போட்டன்களாகச் சிதையும் நிகழ்ச்சிகளில், புரோத்தனைப்போல் ஏறக்குறைய 800 மடங்கு திணிவுள்ள இடத்தில், இரு குழுவினர்க்கும் ஒரு மேடு தென்பட்டது. அவர்கள் அதனைக் கண்டுபிடிப்பு என்று கூறவில்லை. “இங்ஙனம் ஒன்று தென்படுகின்றது, மேலும் அவதானிப்போம்” என்ற அளவில் நின்றனர். கோட்பாட்டாளரோ நிற்கவில்லை. எட்டுத் திங்களுள் ஏறக்குறைய 500 ஆய்வுக் கட்டுரைகள் எழுந்தன. பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்தல் எம்மவர்க்கு மாத்திரம் உரிய வழக்கமன்று போலும். 2016 ஆகத்து மாதத்திற் சிக்காகோ நகரில் நடைபெற்ற மாநாட்டில், முன்னையதிலும் பன்மடங்கான அவதானங்களுடன் இரு குழுவினரும் மீண்டும் வந்தனர். மேடு இல்லை. வளைகோடு எப்போதும்போல் ஒழுங்காக இறங்கிச் சென்றது.

இதனை ஏமாற்றம் என்றும் தோல்வி என்றும் எழுதியோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆயிரம் மாணவர் வரிசையாக நின்று, ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டுவாராயின், எவரேனும் ஒருவர்க்குப் பத்து முறையும் தலையே விழுதல் வியப்பன்று. அம்மாணவனை மாத்திரம் மேடைக்கு அழைத்து, அவனுடைய நாணயத்தில் மாயம் உண்டு எனல் பேதைமையாம். நீண்ட வரைபொன்றின் ஏதோ ஓரிடத்தில் மேடு எழுவதும் இத்தகையதே. ஆதலால், தற்செயலாக அத்துணை உயரம் எழும் வாய்ப்பு 35 இலட்சத்தில் ஒன்று என்ற நிலை எய்தும்வரை கண்டுபிடிப்பு என்னும் சொல்லை வழங்காமை இத்துறையோரின் மரபு. ஆய்வுமுறையை முற்றாக வகுத்து முடிக்கும்வரை, முக்கியமான பகுதியைத் தாமே காணாதவாறு மறைத்துவைத்தலும் அவர்களிடையே உண்டு. தம் ஆசையைத் தாமே ஐயுறும் இவ்வொழுக்கம் எம்மை மிகவும் கவர்கின்றது.

இதனினும் கசப்பான வரலாறு ஒன்றுண்டு. புரோத்தன் மூன்று குவார்க்குகளால் ஆயது. நான்கு குவார்க்குகளும் ஓர் எதிர்க்குவார்க்கும் கூடிய ஐங்குவார்க்குத் துணிக்கையும் இருத்தல் கூடும் என்பதை முறே கெல்மான் 1964 இலேயே குறிப்பிட்டிருந்தார். 2003 இல் ஜப்பானிய குழுவொன்று அத்தகைய துணிக்கையைக் கண்டதாக அறிவித்தது. சிறிது காலத்துள் உலகின் பல ஆய்வுகூடங்கள் தாமும் கண்டதாக உரைத்தன. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஜெபர்சன் ஆய்வுகூடத்துக் குழுவினரும் அவருள் அடங்குவர். பின்னர் அக்குழுவினரே பன்மடங்கு அவதானங்களைத் திரட்டிப் பரிசோதனையை மீண்டும் நடத்தினர். 2005 இலும் 2006 இலும் அவர்கள் வெளியிட்ட முடிபு, அங்கு அத்துணிக்கை இல்லை என்பதே. பிறர் கூற்றை மறுத்தல் எளிது. தாம் அச்சேற்றிய கூற்றைத் தாமே மறுத்து மீண்டும் அச்சேற்றியதை எத்துணை பாராட்டினாலும் தகும்.

காணாமை எங்ஙனம் அறிவாகும் என்று ஒருவர் வினவலாம். எம் முன்னோர்க்கு இவ்வினா புதிதன்று. காண்டல், கருதல், உரை என்பவற்றோடு அபாவத்தையும் ஓர் அளவையாக வைத்து எண்ணிய தருக்க நூலார் நம்மிடையே இருந்தனர். குடம் நிலத்தில் இல்லை என்பதை அறிதற்கு ஒரு நிபந்தனை வேண்டும் என்பர்: குடம் அங்கிருந்தாற் காணப்பட்டே ஆகவேண்டும். இருளில் நின்று “குடத்தைக் கண்டிலேன்” என்பவன் குடத்தைப் பற்றி ஒன்றும் உரைத்தானல்லன். விளக்கேற்றிப் பார்த்துக் கண்டிலேன் என்பவனே இன்மையை அறிந்தவன். ஜெபர்சன் ஆய்வுகூடத்தார் திரட்டிய மிகுதியான அவதானங்கள் அவ்விளக்கு. துணிக்கை முன்னர்க் கூறியவாறு இருந்திருப்பின், அவ்வெளிச்சத்தில் அது மறைந்திருக்க இயலாது.

இனி எம்மிடம் வருவோம். விஞ்ஞானம் பயின்ற பழைய மாணவர் எவரும் தனி ஊசற் செய்முறையை மறந்திரார். அலைவு காலத்தை அளந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணல் வேண்டும். விடை 981 என்பது ஊசலைத் தூக்குமுன்னரே எமக்குத் தெரியும். பாடநூல் அதனைத் தந்திருந்தது. நூலின் நீளத்தோடு குண்டின் ஆரையைச் சேர்க்க மறந்தாலென்ன, அலைவுகளை எண்ணுகையில் ஒன்றைத் தவறவிட்டாலென்ன, கொப்பியில் ஏறியது 981 அல்லது அதற்கு மிக அண்மையான ஓர் எண். வாசிப்புகளைப் பின்னர்த் திருத்தியமைக்கும் கலையில் நாம் ஒவ்வொருவரும் வல்லுநராயிருந்தோம். இதில் வேடிக்கை யாதெனில், 981 என்பது ஐரோப்பா போன்ற தொலை அகலக்கோடுகளுக்குப் பொருந்தும் பெறுமானம். பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள எமது இலங்கையில் உண்மைப் பெறுமானம் ஏறக்குறைய 978. கவனமாக அளந்து 978 எனப் பெற்ற ஒருவன் எம்மிடையே இருந்திருப்பின், அவனும் அதனை அழித்து 981 என எழுதியிருப்பான். எம் காலடி நிலம் கூறிய உண்மையை அழித்துவிட்டுப் பாடநூலுக்கு இசைவித்தோம். அதற்குப் புள்ளியும் பெற்றோம்.

பிழை மாணவருடையது மாத்திரமன்று. எதிர்பார்த்த விடைக்கே புள்ளி எனின், அவ்விடையை விளைவிக்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்வர். செய்முறைக் கொப்பியைத் திருத்தும் ஆசிரியர்களை ஒன்று வேண்டுகின்றோம். விடைக்கு மூன்று புள்ளி எனின், “எனது விடை நூலினின்றும் வேறுபடுகின்றது, வழு இங்கு நேர்ந்திருக்கலாம்” என நேர்மையாக எழுதியவனுக்கு ஐந்து புள்ளி வழங்குக. பெற்றோர் சிலர் முறையிடக்கூடும், முறையிடட்டும்.

இத்தேடலுக்கு இத்துணைப் பணமா என வினவும் நண்பர்கள் எமக்கும் உளர். 91 கிலோமீற்றர் சுற்றளவுள்ள அடுத்த வளையத்தைப் பற்றிச் சேர்ண் நிலையத்தார் 2025 இல் அறிக்கை வெளியிட்டனர்; அத்திட்டத்தை ஏற்காத பௌதிகரும் பலர் உளர். அவ்வழக்கை இங்குத் தீர்த்துவைக்க முயலோம். ஒன்றும் காணாவிடின் பணம் வீண் என்னும் வாதத்தை மாத்திரம் எம்மால் ஏற்க இயலாது. அறிந்த ஒவ்வொரு துணிக்கைக்கும் இன்னும் காணப்படாத இணையொன்று உண்டு என்ற கோட்பாட்டின் பல வடிவங்கள், அவ்விணைகள் தேடப்பட்டும் காணப்படாமையினாலேயே கைவிடப்பட்டன.

ஐங்குவார்க்கின் கதை 2006 உடன் முடிந்துவிடவில்லை. 2015 யூலை மாதத்தில், சேர்ணிலுள்ள எல். எச். சீ. பீ. என்னும் குழுவினர், முன்னர்க் கூறப்பட்டதற்கு முற்றிலும் வேறான ஐங்குவார்க்குத் துணிக்கைகள் இரண்டினை அறிவித்தனர். மெகா இலத்திரன்வோல்ற்று அளவில் அவற்றின் திணிவு 4380, 4450 எனக் கணிக்கப்பட்டது. இம்முறை மேடு அசையவில்லை. ஆயினும் அவர்கள் மீண்டும் தேடினர். 2019 இல், ஒன்பது மடங்கு நிகழ்ச்சிகளை ஆராய்ந்தபோது, 4450 என்பது உண்மையில் 4440, 4457 என்னும் இரண்டென விளங்கியது; 4312 இற் புதியதொன்றும் தோன்றியது. நான்காண்டுகளுக்கு முன் தாமே அறிவித்த 4380 ஐப் பற்றி, அவ்வாய்வால் அதனை உறுதிப்படுத்தவும் மறுக்கவும் இயலவில்லை என எழுதிவைத்தனர்.