ஒத்திருப்பதும் கடன்பட்டிருப்பதும்

முதுகலை மாணவர் ஒருவர் சென்ற மாதம் வில்லாபுரத்தில் என் வீட்டிற்கு வந்திருந்தார். ஒப்பிலக்கியத் தாளுக்கான கட்டுரை கையில் இருந்தது. மித்ரா, ஆத்திஸ், ஒசிரிஸ் ஆகிய தெய்வங்களை இடப்பக்கமும் இயேசுவை வலப்பக்கமும் நிறுத்தி, நடுவே சமக்குறி இட்டிருந்தார். கிறித்தவம் பண்டைய மறைச்சடங்குச் சமயங்களின் மறுபதிப்பே என்பது அவர் முடிவு. "இதில் என்ன தவறு ஐயா?" என்றார்.

தவறு அந்தச் சமக்குறியில்தான். அதே குறியால் நம்மையும் அளந்திருக்கிறார்கள். 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப், மயிலைக் கடற்கரையில் கிறித்தவப் போதகர்களோடு வள்ளுவர் உலவியதாகவும் அவர்களிடமிருந்து கருத்துகளைப் பெற்றதாகவும் மனக்கண்ணில் கண்டார். குறளின் காலத்தையும் 800க்கும் 1000க்கும் இடையே கொண்டுவந்து வைத்தார். போப்பின் தமிழ்ப்பற்றை ஐயுற எனக்கு மனம் வராது. ஆயினும் இவ்விடத்தில் அவரை நாம் விடுவதில்லை. எது முந்தியது, யார் யாரைச் சந்தித்தார், எவ்வழியே கருத்து கைமாறியது என்று அடுக்கடுக்காய்க் கேட்கிறோம். வள்ளுவருக்காகக் கேட்பதைப் பவுலுக்காகக் கேட்கக் கூடாதா?

கேட்டுப் பார்ப்போம். பவுலின் கடிதங்கள் கி.பி. 50களைச் சேர்ந்தவை. ரோமப் பேரரசில் மித்ரா வழிபாட்டின் தொல்லியல் சான்றுகளோ முதல் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைகாட்டுகின்றன. மேலும், அச்சிற்பங்களில் மித்ரா சாவதே இல்லை, காளையைக் கொல்கிறார். ஆத்திஸ் மீண்டெழுந்ததைக் கொண்டாடியதற்கான சான்றுகள் இன்னும் பிந்தியவை. ஒசிரிஸ் மிகப் பழையவர், ஐயமில்லை. ஆனால் அவர் இறந்தோர் உலகின் அரசராகவே இருந்துவிடுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின், கிறித்தவர்களின் திருவிருந்தைப் பார்த்துத் தீய ஆவிகள் மித்ரா சடங்கில் நகல் செய்தன என்று குமுறினார். ஒற்றுமை அக்காலத்தவர் கண்ணிலும் பட்டிருக்கிறது என்பதைத்தான் இது காட்டும். யார் யாரிடம் பெற்றார் என்பதை அன்று.

பவுல் கையாளும் 'மிஸ்டேரியோன்' என்ற கிரேக்கச் சொல்லைச் சிலர் பெரிய துருப்பாக வீசுவார்கள். எலூசிஸ் சடங்குகளுக்கும் அதுதானே பெயர்! உண்மையே. ஆனால் கிரேக்கத் தானியேல் நூலிலும் அச்சொல் உண்டு. பவுல் யூத வேதத்தில் ஊறியவர். நம் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு அவ்விடங்களில் 'இரகசியம்' என்கிறது. அதை வைத்துப் பவுல் சிதம்பரம் வந்துபோனார் என்று எவரேனும் எழுதாதவரை மகிழ்ச்சி.

இத்தனைக்கும் சமயங்கள் கடன் வாங்குவதே இல்லை என்பது என் கட்சி அன்று. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவியுடுத்தார், புலால் தவிர்த்தார், தத்துவ போதகர் எனப் பெயர் கொண்டார். குடுமியும் பூணூலும் சந்தனமும் கிறித்தவருக்கு ஆகுமா என்ற வழக்கு ரோமாபுரிவரை சென்று, 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியின் இசைவோடு வந்தது. பெற்றவர் யார், எந்த ஆண்டில், எதை என்பதெல்லாம் கடிதங்களாகவே கிடைக்கின்றன. இன்றும் எங்கள் பக்கத்து மாதா கோயில்களில் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் உண்டு. திருப்பலியைப் 'பூசை' என்னும் பாட்டிமார் இருக்கிறார்கள். சொல்லைப் பெற்றால் சொல்லின் வாசனையும் உடன் வரும். ஞானஸ்நானம் என்று கேட்கும் மதுரைக்காரர் காதில் தீர்த்தமாடலும் சேர்ந்தே ஒலிக்கும்.

ரோமப் பேரரசிலும் இப்படியே நடந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். சமயம் பரவப் பரவ, சொற்களும் சடங்கின் ஆடையணிகளும் சுற்றியிருந்தோரிடமிருந்து வந்து ஒட்டியிருக்கும். பிறப்பை விளக்கவோ யூத மரபே போதும்: முழுக்கு யோர்தானில் யோவான் கொடுத்தது, விருந்து பாஸ்காவை ஒட்டியது. வளர்ப்பில் வந்து சேர்ந்ததைக் காட்டிப் பெற்றவளை மறுக்கலாகாது. நாத்திக நண்பர்கள் இதை மதச்சார்பு என்பார்கள். சில பாதிரியார்கள் நொபிலி பகுதியைக் கண்டு முகம் சுளிப்பார்கள்.

மாணவர் கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். நடுவில் இருந்த குறியை அடித்து ஒரு கேள்விக்குறி இட்டார். "போப்புக்கும் இதே குறிதானே ஐயா?" என்று வாசலில் நின்று கேட்டார். ஆம் என்றேன்.