கடிகாரம் சொல்லாத கதை

எண்ணைக் கண் என்றார் வள்ளுவர். ஆனால் கண்ணுக்கும் பயிற்சி வேண்டும். பயிற்சியற்ற கண் பழுதையைப் பாம்பென்று கொள்ளும். பாம்பைப் பழுதையென்றும் கொள்ளும். புள்ளியியல் மாணவன் என்ற முறையில் இதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்க விழைகிறேன். அது கார்ப் பந்தயம்.

பந்தயம் நம் பக்கத்துக்குப் புதிதன்று. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்கள் சீறின. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளத்தில் தனித் தளமே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம் வழியே திருப்பெரும்புதூர் செல்பவர்கள் கார் ஆலைகளையும் டயர் ஆலைகளையும் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள். எனவே பார்முலா ஒன் பருவத்துக்கு முந்தைய சோதனை ஓட்டம் தொடங்கிவிட்டால் சேலையூர்த் தேநீர்க் கடையிலும் அதே பேச்சு. நேரப் பட்டியலைப் பார்த்து, "இந்த வருஷம் இவன்தான்!" என்று நண்பர்கள் தீர்ப்பெழுதி விடுகிறார்கள். அது அவசரத் தீர்ப்பு என்பதே என் கருத்து.

ஏன்? சோதனையில் ஒவ்வோர் அணியும் எவ்வளவு எரிபொருளோடு ஓடுகிறது என்பதை வெளியே சொல்வதில்லை. பத்து கிலோ எரிபொருள் கூடினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.3 வினாடி குறைவேகம் என்பது பந்தயத்தார் கணக்கு. 2019-இல் பந்தயத்துக்கு 110 கிலோ வரை அனுமதி இருந்தது. நிறைவயிறும் வெறுவயிறும் ஓடினால் வேறுபாடு மூன்று வினாடி! பிறகு டயர். எங்கள் தெருப் பஞ்சர் கடைக்காரர் இரண்டே வரியில் சொன்னார்: "மெத்துனு இருந்தா ரோட்டைப் பிடிக்கும், சீக்கிரம் தேஞ்சிடும். கெட்டியா இருந்தா உழைக்கும், பிடிப்பு கம்மி தம்பி." மென்மையான டயர் ஓரிரு சுற்றுகளில் உச்சம் காட்டித் தளர்ந்துவிடும். அந்த உச்சத்தைத்தான் பட்டியல் முதலிடத்தில் வைக்கிறது.

ஆகவே அறிந்தோர் ஒற்றைச் சுற்றைப் பார்ப்பதில்லை. இருபது சுற்றுத் தொடர் ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். 110 கிலோவை பார்சிலோனாவின் 66 சுற்றுகளுக்குப் பங்கிட்டால், சுற்றுக்குச் சுமார் 1.7 கிலோ எரிகிறது. அதாவது வண்டி சுற்றுக்கு 0.05 வினாடி விரைவு பெற வேண்டும். நேரம் மாறாமல் நின்றால், அந்த 0.05 வினாடியை டயர் தின்றுவிட்டது என்று பொருள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ஆனால் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும்.

2019-ஆம் ஆண்டு பார்சிலோனா சோதனையில் பெராரியின் வெட்டல் முதலிடம். மெர்சிடிஸின் ஹாமில்டன் அவரைவிட 0.003 வினாடி மட்டுமே பின்னால். பலரும் பெராரிக்கு மாலை கட்டினார்கள். நடந்தது என்ன? பருவத்தின் முதல் எட்டுப் பந்தயங்களையும் மெர்சிடிஸே வென்றது. மறுபுறம், 2009-இல் பிரான் அணி சோதனையில் மின்னியபோது, "விளம்பரதாரரைப் பிடிக்கும் வேடிக்கை" என்று நகைத்தவர்கள் உண்டு. அவ்வணியின் பட்டனோ முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்று பட்டமும் சூடினார். ஆகையால் எண்ணை நம்பாதே என்பதன்று என் வாதம். எண்ணின் சூழலைக் கேள் என்பதே.

இதை ஏன் கல்லூரி மலரில் எழுதுகிறேன்? நமக்கும் பருவத்துக்கு முந்தைய சோதனை உண்டு. அதன் பெயர் உள்தேர்வு. மதிப்பெண் பட்டியல் ஒட்டப்பட்டதும், "இவன் தேறுவான், அவன் தேறமாட்டான்" என்று நாமும் தீர்ப்பெழுதுகிறோம். மதுராந்தகத்திலிருந்து விடியற்காலை ரயிலில் நின்றுகொண்டே வருபவரும், ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வகுப்புக்கு வருபவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் நிறைசுமையோடு ஓடுகிறவர்கள். முந்திய இரவு மனப்பாடம் செய்து முதலிடம் பெறுபவரோ, மென்டயரில் ஒரு சுற்று ஓடியவர்!

பேராசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: ஒரு தேர்வின் எண்ணைப் பாராமல் மூன்று தேர்வுகளின் போக்கைப் பாருங்கள். நாற்பதிலிருந்து ஐம்பதுக்கும் ஐம்பதிலிருந்து அறுபதுக்கும் ஏறியவரை, எழுபதிலேயே நின்றவருக்குப் பின்னால் வைத்து மறந்துவிடாதீர்கள். மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல்: சுமையைக் காரணம் காட்டி ஓடாமல் நிற்பதும் தவறு. ஓடாத வண்டிக்குக் கணக்கே இல்லை. சோதனையில் முந்துவது சிறப்புத்தான். கடைசிச் சுற்றுவரை தேயாமல் ஓடுவது அதனினும் சிறப்பு.