வெண்கலப் பெண்ணும் வியர்வைப் பெண்ணும்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், பொன்கா நகரில், 17 அடி உயர வெண்கலச் சிலையொன்று நிற்கின்றது. ஒரு கையில் வேதநூல். மறு கையில் மகனின் கரம். மேற்கு எல்லையில் குடியேறிய ‘முன்னோடிப் பெண்’ணின் வடிவம் இதுவாம். 1930இல் திறக்கப்பட்ட இச்சிலையைச் செய்வித்தவர் மார்லண்ட் என்னும் எண்ணெய் முதலாளி.

“வீரத்தாயின் சின்னம், இதில் அரசியல் எதற்கு?” என்பர் அழகியல் அன்பர். சிலை மறைப்பதே அரசியல் அல்லவா?

மெய்யான அப்பெண் புல்வேர் மண்கட்டியால் சுவரெழுப்பினாள். மரமற்ற சமவெளியில் உலர்ந்த சாணத்தால் அடுப்பெரித்தாள். மருத்துவரின்றிப் பிள்ளை பெற்றாள். குடியேறியோர்க்கு 160 ஏக்கர் வழங்கிய 1862ஆம் ஆண்டுச் சட்டமோ, மணமாகாதவளையும் விதவையையும் ஏற்றது. கணவனோடு வாழ்ந்தவள் தன் பெயரில் நிலங்கோர இடந்தரவில்லை. குடும்பத் தலைவன் அவனன்றோ! உழைப்பு அவளுடையது, உறுதி அவனுடையது.

அந்த நிலந்தான் யாருடையது? செரோக்கி மக்களை நெருக்கி அரசு வாங்கி, 1893இல் குடியேறிகளுக்குத் திறந்துவிட்ட நிலம் அது. நகரம் சூடிய பெயரோ, 1877இல் நெப்ராஸ்காவிலிருந்து படைபலத்தால் விரட்டப்பட்ட பொன்கா மக்களுடையது. அவர்தம் தலைவர் ஸ்டாண்டிங் பெயரின் மகள் அந்த நடைப்பயணத்திலேயே மாண்டாள்.

ஆக, உரிமை மறுக்கப்பட்ட ஒருத்தி, மண் பறிக்கப்பட்ட இன்னொருத்தியின் இழப்பின்மீது நிறுத்தப்பட்டாள். இதற்குத்தான் ‘தியாகம்’ என்று பெயர்! கூலியும் உரிமையும் கொடாதார் கொடுக்கும் மிக மலிவான விலை அச்சொல்.

அவளுக்கு மாலை வேண்டாம். இருவருக்கும் சேரவேண்டிய கணக்கைக் கேட்போம்.