நோயை மறைக்கும் பின்னணி

எக்ஸ்-ரேயில் ஒரு கட்டி தவறிப்போனால், ‘படம் தெளிவாக இல்லை, கதிரைக் கூட்டி எடுத்திருக்கலாம்’ என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மணல் தூவியதுபோலப் படத்தில் தெரியும் இரைச்சல், கதிர்த்துகள்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வந்து விழாததால் உண்டாகிறது. தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களை ஆராய்ந்த ஆல்பர்ட் ரோஸ் 1948இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு புள்ளியை ஐயமின்றிக் காண, அது இரைச்சலைப் போல ஏறத்தாழ 5 மடங்கு எடுப்பாக இருக்க வேண்டும். கதிரைக் கூட்டினால் இந்த விகிதம் உயரும். ஆனால் இருமடங்காக உயர்த்த நான்கு மடங்கு கதிர் தேவை. அந்த விலையைக் கொடுத்தாலும், நோயை அதிகம் மறைக்கும் இன்னொரு பின்னணி அப்படியே நிற்கும். அது நம் உடம்பின் இயல்பான அமைப்பு.

மார்பு எக்ஸ்-ரேயில் விலா எலும்பும் ரத்தக்குழாய்களும் நுரையீரலும் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. நேர்முகமாக வரும் ஒரு ரத்தக்குழாய் சிறு கட்டிபோலவே வட்டமாகத் தெரியும்; உண்மையான கட்டி விலா எலும்பின் நிழலுக்குள் ஒளிந்திருக்கும். மார்பக மேமோகிராம் குறித்து பர்ஜஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. கட்டி பெரிதாகப் பெரிதாகக் கண்டுபிடிப்பது எளிதாகும் என்றுதானே நினைப்போம்? மார்பகத் திசுவின் பின்னணியில், பெரிய கட்டி கண்ணில் பட இன்னும் அதிக வேறுபாடு தேவைப்பட்டது. இயல்பான திசுவே அந்த அளவில் திட்டுத்திட்டாக இருப்பதுதான் காரணம். அடர்த்தியான மார்பகத்தில் சிக்கல் கூடுகிறது: அங்கே திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. மேமோகிராம் எடுக்கும் பெண்ணிடம் மார்பக அடர்த்தியைத் தெரிவித்தாக வேண்டும் என்று அமெரிக்கா 2024 செப்டம்பரில் நடைமுறைப்படுத்திய விதி இங்கும் வர வேண்டும்.

மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் இரைச்சலை நீக்கிவிடாதா என்று கேட்கலாம். மணலை வழித்தெடுக்கும்போது, மில்லிமீட்டருக்கும் குறைவான சுண்ணாம்புப் புள்ளிகளும் சேர்ந்து மங்கக்கூடும். விலா எலும்பை அழித்துக் காட்டும் மென்பொருள் உண்டு. ஆனால் ஒன்றாகப் படிந்துவிட்ட நிழல்களை அது ஊகித்துத்தான் பிரிக்கிறது. உடம்பைச் சீவல்சீவலாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் அப்படி ஊகிக்க வேண்டியதில்லை. கடும் புகைப்பழக்கம் கொண்ட, அல்லது கொண்டிருந்த, 53,000-க்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. கதிர் குறைத்து எடுத்த, மணல் மிகுந்த சி.டி., மார்பு எக்ஸ்-ரேயைவிட நுரையீரல் புற்றுநோய் மரணத்தை 20 சதவீதம் குறைத்தது. அதே ஆய்வில் சந்தேகத்துக்குரியவை என்று சி.டி. காட்டியவற்றில் சுமார் 96 சதவீதம் புற்றுநோயே அல்ல என்பதும், குறைத்த பிறகும் அதன் கதிர் எக்ஸ்-ரேயைவிட அதிகம் என்பதும் நியாயமான ஆட்சேபங்கள். ஆகவே எல்லாருக்கும் சி.டி. என்பது என் வாதமல்ல. எந்தப் பின்னணி மறைக்கிறது என்று பார்த்துச் சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே.

காசு செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. ஒருவரின் விலாவும் ரத்தக்குழாயும் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால் புதிதாக முளைத்தது தனித்துத் தெரியும். ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஃபிலிமையும் படம் பதிந்த குறுந்தட்டையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை ஸ்கேனுக்குப் போகும்போது அவற்றையும் எடுத்துப்போய், படம் பார்க்கும் மருத்துவரிடம் கொடுங்கள்.